புகாரின் பாதை: கட்டற்ற மென்பொருள் நிகழ்வுகளுக்கு ஒரு பொது நடத்தை நெறி

கேரளத்தில் கட்டற்ற மென்பொருள் பள்ளிக்கூடத்தின் வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிக் கணினிகளைக் குனூ/லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். 2011-இல் இதே நகரில் ஐசிஃபாஸ் என்ற அரசு மையம் அமைந்தது. 2017-இல் ஐடி@ஸ்கூல் கைட் என்ற நிறுவனமாயிற்று. 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் நடக்கின்றன. அதனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைக்கு லினக்ஸ் புதிய பெயரல்ல. நான் குளத்தூர் என்று எழுதுவது டெக்னோபார்க் பக்கத்து நகரக் குளத்தூரை அல்ல. பொழியூர்க் கடற்கரையைத் தன்னுள் கொண்டு, குமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் குளத்தூரை.

பள்ளி வகுப்பில் ஒரு சிக்கல் வந்தால் ஆசிரியர் இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார், பெற்றோர் சங்கம் இருக்கிறது. சனிக்கிழமை நூலகக் கூடத்தில் நடக்கும் பயிலரங்கிலோ, கல்லூரிக் கருத்தரங்க அறையில் நடக்கும் இன்ஸ்டால் ஃபெஸ்டிலோ, திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் இரவு தங்கும் ஹேக்கத்தானிலோ இவர்கள் யாரும் இல்லை. நடத்துவோர் தன்னார்வலர்கள். பேச வருபவர் வெளியூர்க்காரர். வந்திருப்போரில் பள்ளிப் பிள்ளையும் உண்டு, ஐம்பது வயது ஆசிரியரும் உண்டு, வேலை தேடும் இளைஞரும் உண்டு. அங்கே ஒரு பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்தால், ஒருவருடைய சாதியையோ பேச்சையோ வைத்து இன்னொருவர் கேலி செய்தால், அவர் யாரிடம் போவார்? பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உலகின் மென்பொருள் சமூகங்கள் மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது. விடைகளாகப் பல நடத்தை விதிகள் எழுதப்பட்டுவிட்டன. அவற்றைப் படித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன செய்யக் கூடாது என்ற வாசகத்தில் உலகம் ஏறக்குறைய ஒத்துப்போய்விட்டது. எல்லா நிகழ்வுகளுக்கும் ஒன்றுபோல அமைய வேண்டியதாக மிஞ்சியிருப்பது புகார் போகும் பாதை. யாரிடம், எந்த மொழியில், எவ்வளவு நேரத்தில் என்பதுதான் அது. அந்தப் பாதை எல்லைக் கிராமத்தில் எப்படி ஓட வேண்டும் என்பதைச் சான்பிரான்சிஸ்கோவில் எழுதிய ஆவணம் சொல்லித் தராது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2004-இல் பிறந்த உபுண்டு, தொடக்க காலத்திலேயே தனக்கென ஒரு நடத்தை விதி வைத்துக்கொண்டது. அது பங்களிப்போர் ஒருவரையொருவர் மதித்து நடப்பதைப் பற்றியது. ஒரே கூரையின் கீழ் ஆட்கள் சேரும் மாநாடுகளைப் பற்றிய சிந்தனை சூடு பிடித்தது 2010-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த அப்பாச்சிகான் மாநாட்டில் தன்னைத் தாக்கியவரைப் பற்றி ஒரு பெண் உருவாக்குநர் வெளிப்படையாக எழுதினார். அவருக்கு ஆதரவும் வந்தது, அவரையே குற்றம் சொன்ன வசவும் வந்தது. அதைத் தொடர்ந்து மாநாடுகளுக்கான தொல்லை எதிர்ப்பு விதியின் மாதிரி வரைவு ஒன்று பெண்ணிய உருவாக்குநர்களிடையே உருவானது. 2011-இல் வேலரி அவுரோராவும் மேரி கார்டினரும் தொடங்கிய ஏடா இனிஷியேட்டிவ் அந்த மாதிரியை மாநாடு மாநாடாகக் கொண்டுசென்றது. 2015-இல் அந்த அமைப்பு மூடப்படுவதற்குள் விதியில்லாத பெரிய மாநாடு என்பதே அரிதாகிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு நல்ல மனம் மட்டும் காரணமில்லை, பணமும் காரணம். 2012-இல் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை, நடத்தை விதி இல்லாத மாநாட்டுக்கு நிதி தருவதில்லை என்று முடிவெடுத்தது. ஒரு விதியைப் பரப்ப இதைவிட விரைவான வழி இல்லை. நம் பக்கம் இன்னும் யாரும் கையில் எடுக்காத கருவி இது. கடைசியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

விதி இருந்தும் எல்லாம் கெட்டுப்போன நிகழ்ச்சி 2013 மார்ச்சில் நடந்தது. அமெரிக்கப் பைக்கான் மாநாட்டில் பின்வரிசையில் இரண்டு ஆண்கள் அடித்த இரட்டை அர்த்த நகைச்சுவை முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் காதில் விழுந்தது. அவர் அவர்களைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். மாநாட்டுக்காரர்கள் அங்கேயே இருவரிடமும் பேசினார்கள், அவர்களும் வருந்தினார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். இணையம் அதைக் கையில் எடுத்தது. படத்தில் இருந்தவர்களில் ஒருவருக்கு வேலை போனது. சில நாளில் அந்தப் பெண்ணின் நிறுவனத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது, அவருக்கும் வேலை போனது. கொலை மிரட்டல்கள் அவரைத் தேடி வந்தன. இந்தக் கதையைச் சொல்லி 'பார், விதி வைத்தால் இப்படித்தான்' என்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறு பாடம் சொல்கிறது. புகார் கொடுக்க அமைதியான, நம்பத்தக்க வழி ஒன்று கண்ணெதிரே இருந்திருந்தால் ட்விட்டர் தேவைப்பட்டிருக்காது. பைக்கான் குழுவும் அதன்பின் தன் விதியில் புகார் கொடுக்கும் முறையையும் அதைக் கையாளும் முறையையும் விரித்து எழுதியது. புகார்களைக் கையாள்வது பற்றி அவுரோராவும் கார்டினரும் பிற்பாடு தனிக் கைநூலே எழுத நேர்ந்தது. விதியை எழுதி முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பது அவர்கள் பட்டு அறிந்தது.

2014-இல் கோரலைன் அடா எம்கே எழுதிய 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' இன்று மிகப் பரவலாக எடுத்தாளப்படும் வாசகம். படைப்புப் பொது உரிமத்தில் கிடைப்பதால் யாரும் எடுத்து, மொழிபெயர்த்து, தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒரு படிவரிசையைச் சேர்த்தது. முதலில் திருத்தம், அடுத்து எச்சரிக்கை, அதன்பின் தற்காலிக விலக்கம், கடைசியாக நிரந்தர விலக்கம். தவறுகளுக்கு அளவு உண்டு, தண்டனைக்கும் அளவு உண்டு என்று சொன்ன இந்தப் படிவரிசைதான் என் பார்வையில் அந்த ஆவணத்தின் சிறந்த பகுதி. லினக்ஸ் கெர்னல் சமூகம் 2015-இல் 'மோதல் விதி' என்ற பெயரில் பொத்தாம் பொதுவான ஒரு பக்கத்தை வைத்துச் சமாளித்துப் பார்த்தது. 2018 செப்டம்பரில் அதைக் கைவிட்டு இந்த வாசகத்துக்கு மாறியது. கடுமையான சொற்களுக்குப் பேர்போன லினஸ் டோர்வால்ட்ஸ் அதே வாரம் மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கி நின்றார். டெபியன் 2014-இல் தன் உறுப்பினர்களின் பொது வாக்கெடுப்பின் மூலம் விதியை ஏற்றது. விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் உலகளாவிய நடத்தை நெறியை அறிவித்தது. அதை நடைமுறைப்படுத்தும் வழிகாட்டுதல்கள் சமூக வாக்கெடுப்புகளைத் தாண்டி வர 2023 ஆயிற்று. வாசகத்தைவிட நடைமுறைக்குத்தான் அதிக விவாதம் தேவைப்பட்டது.

ரஸ்ட் நிரல்மொழிச் சமூகத்தில் 2021 நவம்பரில் நடந்தது இன்னும் ஆழமானது. நடத்தை விதியைக் கண்காணிக்கும் குழுவினர் எல்லோரும் ஒன்றாகப் பதவி விலகினார்கள். தலைமைக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். விதியை வைத்தவர் மீதே புகார் வந்தால் என்ன செய்வது? எந்தச் சிறிய ஊரிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஊர்ப்புறத்துப் பயிலரங்குகள் பெரும்பாலும் ஒரே ஒரு ஆர்வலரின் முதுகில் நடக்கின்றன. கூடத்தைப் பிடிப்பவர் அவர், பேச்சாளரை அழைப்பவர் அவர், வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி அவர், வேலைக்குப் பரிந்துரை தருபவரும் அவர். அவரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டியிருந்தால் அதை அவரிடமே சொல்லும்படிதான் நம் ஏற்பாடுகள் இருக்கின்றன.

மேற்கத்திய ஆவணங்கள் சாதியைக் கண்டுகொள்ள நெடுநாள் ஆயிற்று. 2021-இல் வந்த கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் 2.1 பதிப்பில்தான் பாகுபாட்டுப் பட்டியலில் சாதி இடம்பெற்றது. விக்கிமீடியா நெறியும் சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தச் சொல்லைச் சேர்த்தது நல்லது. நம் கூடங்களில் சாதி வசவாக மட்டும் வருவதில்லை, விசாரிப்பாகவும் வரும். 'எந்தப் பக்கம் வீடு?' என்பதில் தொடங்கும். 'எந்தச் சபை?' என்று நீளும். 'அப்பன் பேரு என்ன?' என்பதில் முடியும். குமரி, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் சபையின் பெயரைச் சொன்னாலே பாதி விவரம் தெரிந்துவிடும். கேட்பவர் அன்பாகக் கேட்பதாகவே நினைப்பார். பதில் சொல்பவருக்கு அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். ஆகவே நம் ஊர் நெறியில் 'சாதியின் பேரால் இழிவு செய்யலாகாது' என்ற வரி போதாது. பங்கேற்பாளரின் சாதி, சபை, கோயில், குடும்பப் பெயரை விசாரிப்பதும் கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். பதிவுப் படிவத்திலும் அந்தக் கேள்விகள் இருக்கக் கூடாது.

மொழியும் இப்படித்தான். விக்கிமீடியா நெறி மொழித் தேர்ச்சியையும் பாகுபாட்டுக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. எல்லைக்காரர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றிலிருந்து இங்கே தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை மலையாள வகுப்பில் பேச்சின் வாடைக்காக 'பாண்டி' என்று அழைக்கப்படலாம். அதே பிள்ளை சென்னைக்குப் போய்ப் பேசினால் 'மலையாளியா?' என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் தடுமாறுவதற்குக் கிடைக்கும் சிரிப்பு தனி. தொழில்நுட்பக் கூட்டத்தில் கேள்வி கேட்க எழுந்த ஒருத்தி பேச்சுக்காகச் சிரிக்கப்பட்டால் அவள் திரும்ப எழமாட்டாள். இதைத் தொல்லை என்று பலரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு பங்களிப்பாளரைச் சமூகம் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். நெறியின் வாசகமும் புகார் கேட்பவரின் காதும் தமிழ், மலையாளம் இரண்டிலும் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து அருவிப்புறத்துக்கு வரச் சொல்வேன். 1888-இல் நாராயண குரு நெய்யாற்றங்கரையில் சிவனைப் பிரதிட்டை செய்து, சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்பாக வாழும் முன்மாதிரி இடம் இது என்று பொருள்படும் வாசகத்தை அங்கே எழுதிவைத்தார். ஒரு பொது இடத்தின் வாசலில், உள்ளே வருபவர் எப்படி நடக்க வேண்டும், யாரெல்லாம் வரலாம் என்று அறிவித்த எழுத்து அது. அதற்கு முன்பே, தோளை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி 1859-இல் திருவிதாங்கூர் அரசிடமிருந்து ஆணை பெற்ற மண் இது. எந்த உடையில் யார் பொது இடத்துக்கு வரலாம் என்ற விவாதம் இந்த ஊருக்குக் கப்பலேறி வரவில்லை.

இதே வட்டாரத்தின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எழுதிவைத்த ஆணை மட்டும் போதாது என்பதை அது காட்டுகிறது. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு அனுமதி தந்திருந்தது. அந்த அனுமதியைக் கீழ்மட்ட அதிகாரிகள் நடைமுறைக்கு வரவிடவில்லை. 1910-களில் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது பள்ளியே தீக்கிரையானது. அதைத் தொடர்ந்த கலவரம் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூறாமாண்டுக் கலகம் என்று அறியப்படுகிறது. காகிதத்தில் உரிமை இருந்தது, வாசலில் நின்றவர் மறுத்தார், மறுத்தவரைக் கேட்க ஆளில்லை. இன்றைய மாநாட்டு விதிகளில் பெரும்பாலானவை காகிதத்தில் இருக்கும் அந்த அனுமதியைப் போலத்தான் இருக்கின்றன. அழைப்பிதழின் அடியில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் ஆங்கிலத்தில் நாலு பக்கம் வரும், கடைசியில் யாருடையது என்று தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும்.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பிலிருந்து வந்தது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதியேனும் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். உள்ளகக் குழு இல்லாத சிறிய பணியிடங்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் உள்ளூர்க் குழு உண்டு. கல்லூரி வளாகங்களில் மாணவிகளுக்கும் சேர்த்துப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் பொருந்தும். ஆகவே கல்லூரிக் கூடத்தில் நிகழ்வு நடந்தால் அந்தக் கல்லூரியின் குழுவோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம். நூலகக் கூடத்தில் ஊதியமில்லாத தன்னார்வலர்கள் நடத்தும் நிகழ்வோ எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்காது.

இப்படித் தற்காலிகமாகக் கூடிக் கலையும் இடத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைக் கேரளம் இன்னொரு தொழிலில் சந்தித்திருக்கிறது. 2017-இல் ஒரு நடிகைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் நீதிபதி ஹேமா குழு அமைந்தது. அதன் அறிக்கை 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அதற்கிடையில், திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், ஒவ்வொரு படத் தயாரிப்புக் குழுவும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்றது. சில வாரங்கள் கூடிக் கலையும் படப்பிடிப்பும் பணியிடம்தான் என்ற அந்தப் பார்வையை மென்பொருள் நிகழ்வு நடத்துவோர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நாலரை ஆண்டு அலமாரியில் கிடந்த அறிக்கையிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். காலக்கெடு இல்லாத விசாரணை பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது தண்டனை.

சிறார் விஷயத்தில் சட்டம் விட்டுக்கொடுப்பதேயில்லை. போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம். 'நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் உரிமை எந்த ஒருங்கிணைப்பாளருக்கும் கிடையாது. மேற்கத்திய மாதிரிகள் பெரியவர்கள் கூடும் மாநாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் பயிலரங்குகளில் முன்வரிசை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நமக்குத் தனி வரைவு தேவை. பிள்ளைகள் வரும் நிகழ்வில் பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. பிள்ளையின் கைபேசிக்கு நேரடியாகச் செய்தி அனுப்பக் கூடாது. சிறாருக்கான 1098, பெண்களுக்கான 181, அவசரத்துக்கான 112 ஆகிய எண்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

எல்லைக்கே உரிய ஒரு முடிச்சும் உண்டு. கொல்லங்கோட்டிலிருந்து குளத்தூர் நிகழ்வுக்கு வந்த ஒரு மாணவி வீடு திரும்பியபின் தொல்லை போனில் தொடர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழகக் காவல் நிலையம் 'நடந்தது கேரளத்தில்' என்று சொல்லலாம். கேரள நிலையம் 'நீங்கள் இருப்பது அங்கே' என்று சொல்லலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம் என்கிறது. இதை ஒருங்கிணைப்பாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் நிலையம்வரை கூடப் போக வேண்டும். உள்ளூர்க் குழுக்களும் மாவட்டவாரியாக அமைந்தவை. திருவனந்தபுரம், கன்னியாகுமரி இரண்டு மாவட்டக் குழுக்களின் முகவரியும் நெறியின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

நான் பார்த்த வரையில், தொல்லைகள் பலவும் கூடத்துக்குள் நடப்பதில்லை. வாசலில் மேசை போட்டிருப்பார்கள். அதில் கோடு போட்ட ஒரு தாள், ஒரு பேனா. பெயர், ஊர், கல்லூரி, கைபேசி எண், கையெழுத்து. வருகிறவர் ஒவ்வொருவரும் தனக்கு முன் எழுதிய இருபது பேரின் எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதை எழுதுகிறார். பிற்பகலில் அந்தத் தாள் யார் மேசையிலோ கிடக்கும். மாலையில் எண்கள் எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படும். இரவு பத்து மணிக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து 'ஹாய், இன்னைக்கு நிகழ்ச்சியில பாத்தேன்' என்று செய்தி வரும். அந்தப் பெண் இதை யாரிடமும் சொல்லமாட்டாள். வீட்டில் சொன்னால் அடுத்த நிகழ்வுக்கு விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். குழுவை விட்டு மட்டும் விலகிவிடுவாள். ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவது 'ஒருத்தர் லெஃப்ட்' என்ற ஒரு வரிதான்.

இதைத் தடுக்க விசாரணைக் குழு வேண்டாம். எண்ணை ஒருவர் மட்டும் வாங்கிப் பதிய வேண்டும், தாள் கைமாறக் கூடாது. குழுவுக்குப் பதில் நிர்வாகி மட்டும் செய்தி போடும் ஒருவழித் தடம் வைக்கலாம், அதில் உறுப்பினர் எண் பிறருக்குத் தெரியாது. சேர்வதா வேண்டாமா என்று கேட்டுச் சேர்க்கலாம். புகைப்படமும் இதைச் சேர்ந்ததே. நிகழ்வு முடிந்ததும் எல்லோரையும் நிறுத்தி எடுக்கும் குழுப்படம் அன்றிரவே முகநூலில் ஏறிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறாரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. படமெடுக்க விரும்பாதவருக்கு வேறு நிறத்தில் அடையாள அட்டை நாடா தருவது பல மாநாடுகளில் வழக்கம். செலவு சில ரூபாய்தான்.

நெறி என்றாலே பேச்சும் நடத்தையும் மட்டும் என்று எண்ணுகிறோம். உயிர்ப் பாதுகாப்பும் அதில் அடங்கும். கேரளத்தில் நடந்த மிகப் பெரிய கட்டற்ற மென்பொருள் கூடல்களில் ஒன்று 2023 செப்டம்பரில் கொச்சி இன்ஃபோபார்க் வளாகத்தில் நடந்த டெபியன் மாநாடான டெப்கான்ஃப்23. 35 நாடுகளிலிருந்து 474 பேர் வந்தார்கள். டெப்கான்ஃபுக்கு என்று நடத்தை விதியும் அதற்கான தொடர்புக் குழுவும் நெடுங்காலமாக உண்டு. அந்த மாநாட்டின் நடுவே ஒருநாள் வெளிச்சுற்றில், கயாக் படகில் போன கேரளத்து இளம் டெபியன் பங்களிப்பாளர் ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். உலகமே அவருக்காக அழுதது. அந்த இழப்பைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீரும் மலையும் கடலும் சூழ்ந்த ஊரில் விருந்தினரை அழைத்துவரும் எவரும், அவர்கள் உயிரோடு திரும்பிப் போவதும் தங்கள் பொறுப்பு என்று எழுதிவைக்க வேண்டும். பொழியூர்க் கடற்கரையும் நெய்யாறு கடலில் சேரும் பொழியும் பார்க்க அழகானவை, இறங்க ஆபத்தானவை. நீர் விளையாட்டு நிகழ்வின் பகுதியாக இருந்தால் உயிர்காப்புச் சட்டை, நீச்சல் தெரிந்த உள்ளூர் ஆள், மருத்துவமனைக்கு வண்டி ஆகிய மூன்றையும் உறுதிசெய்யாமல் யாரையும் இறங்க விடக் கூடாது.

பஸ் நேரமும் இதோடு சேரும். ஆறு மணிக்கு முடிவதாகச் சொன்ன அமர்வு எட்டு மணிவரை இழுத்தால், உள்ளூர் ஆண்கள் பைக் எடுத்துப் போய்விடுவார்கள். எல்லை தாண்டிப் போக வேண்டிய பெண்கள் களியக்காவிளையில் அடுத்த வண்டிக்காக நிற்பார்கள். சொன்ன நேரத்தில் முடிப்பது ஒரு நடத்தை விதி என்றே நான் கருதுகிறேன்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்க வேண்டும். பொய்ப் புகார் வந்தால், சிறிய ஊரில் ஒருவனுடைய பெயர் கெட்டுவிடுமே என்பது அது. இந்தக் கவலை நியாயமானது. எல்லோருக்கும் எல்லோரும் சொந்தக்காரராக இருக்கும் இடத்தில் ஒரு வதந்தி திருமணத்தைக்கூடத் தடுக்கும். அதே காரணத்தால்தான் உண்மையான புகாரும் அமுங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருங்கிணைப்பாளரின் மைத்துனராக இருப்பார். 'அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை மோளே' என்று ஒரு பெரியவர் சமாதானம் சொல்வார், அதோடு கோப்பு மூடப்படும். இரண்டு ஆபத்துக்கும் மருந்து ஒன்றே. புகாரைக் கேட்பவர் ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். எல்லை இங்கே நமக்கு உதவும். நெய்யாற்றின்கரைப் பக்கம் நடக்கும் நிகழ்வின் புகாரை நாகர்கோவில் பக்கத்து இருவர் கேட்கட்டும். அங்கே நடப்பதை இங்கிருந்து இருவர் கேட்கட்டும். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அந்த நிகழ்வில் வேறு எந்த வேலையும் தரக் கூடாது, மைக் பிடிக்கும் வேலைகூட. கேட்டதை எழுதி இரு தரப்புக்கும் படித்துக் காட்ட வேண்டும். முடிவுக்கு நாள் குறிக்க வேண்டும். விலக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய மூன்றாவது ஒருவர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவும், கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தரும் விழுப்புரம் குழுவும், 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருளை எழுதிவரும் கணியமும், கேரளத்தில் 2002 முதல் செயல்படும் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்கும் இத்தகைய வெளியாட்களின் பொதுப் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கும் தகுதி உள்ளவை.

கருத்துச் சுதந்திரம் பறிபோகும் என்ற எதிர்வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. ஒரு உரிமத்தையோ நிரலையோ எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். விமர்சனத்துக்கும் ஆளை இழிவு செய்வதற்கும் உள்ள வேறுபாடு பட்டிமன்ற மேடையைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியாததல்ல.

அப்படியானால் பொது நெறி எவ்வடிவில் இருக்கலாம்? நான் இரண்டு தாள்களைப் பரிந்துரைக்கிறேன். முதல் தாள் எல்லா நிகழ்வுக்கும் பொதுவானது. கான்ட்ரிபியூட்டர் கவனன்டையும் விக்கிமீடியா நெறியையும் அடிப்படையாகக் கொண்டு தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்படுவது. சாதி விசாரிப்பு, மொழிக் கேலி, சிறார் பாதுகாப்பு ஆகியவை அதில் பெயர் சொல்லி இருக்கும். அதைத் தனி நிகழ்வுக்காக யாரும் மாற்றக் கூடாது, பொதுவாகப் பதிப்பு எண் போட்டு ஆண்டுக்கொருமுறை திருத்தலாம். இரண்டாம் தாள் அந்தந்த நிகழ்வுக்கானது. புகார் கேட்கும் இருவரின் பெயரும் முகமும் எண்ணும், அருகிலுள்ள காவல் நிலையமும் மருத்துவமனையும், கடைசிப் பஸ் நேரமும் அதில் இருக்கும். இரண்டாம் தாளை நிரப்பாத நிகழ்வு முதல் தாளை ஏற்றதாகச் சொல்லக் கூடாது. நிகழ்வின் தொடக்கத்தில் இருவரும் மேடையேறித் தங்களைக் காட்ட வேண்டும். ஒரு பெண்பிள்ளை பின்னால் வந்து 'அக்கா, ஒண்ணு சொல்லணும்' என்று தொடங்க, அந்த முகம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைக் கட்டாயமாக்கும் கருவி, முன்பே சொன்ன பணமும் இடமும்தான். கூடம் தரும் நூலகம், கல்லூரி, நிதி தரும் ஐசிஃபாஸ் போன்ற மையங்கள், பள்ளிப் பிள்ளைகளை அனுப்பும் கைட் ஆகியோர், இரண்டாம் தாள் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நிகழ்வு முடிந்து ஒரு மாதத்துக்குள் எத்தனை புகார் வந்தன, எத்தனைக்கு முடிவு காணப்பட்டது என்று பெயரில்லாமல் இரண்டு வரி அறிக்கையும் கேட்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் அதில் பெரும்பாலும் பூஜ்யம் என்றே வரும். மூன்றாம் ஆண்டில் எண் கூடினால், நிகழ்வுகள் கெட்டுவிட்டன என்று கூடத்தை மூடிவிட வேண்டாம். சொல்ல இடமிருக்கிறது என்று பிள்ளைகள் நம்பத் தொடங்கியிருக்கலாம். எந்தப் புகார்கள் வந்தன, எந்த வரி அவற்றுக்குப் போதவில்லை என்று பார்த்து, அடுத்த பதிப்பை எழுத உட்காரலாம்.